வல்வெட்டித்துறையில் பிறந்து குளொஸ்ரர் சேர்ந்த கப்பல்

வல்வெட்டித்துறை என்றதும் அண்மைக்காலப் போர்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. அதற்கு முந்திய காலத்தைப் பற்றிக் கேட்டால், 'கடத்தல்காரர் ஊர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உளர். அந்தச் சிற்றூர் தன் மணற்கரையில் தானே கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கக் கரையைத் தொட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்?

அக்கப்பலின் பெயர் 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரங்கள். வேம்பும் இலுப்பையும் அதன் உடலாயின. அது தனித்து எழுந்த அதிசயமன்று. தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு தொழிலின் பிள்ளை.

வல்வெட்டித்துறைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. எதிரே ஆழம் குறைந்த பாக்கு நீரிணை, கரையோரம் முருகைக்கற்பார். பெருங்கப்பல்கள் நெருங்க முடியாத இந்தக் கடலே பாய்க்கப்பலோட்டிகளுக்கு வாய்ப்பாயிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பர்மாவின் இரங்கூன், அக்கியாப் துறைகளிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. சோளகக் காற்றிலே வங்கக் கடலைக் கடந்து போய், வாடைக் காற்றிலே திரும்புவது அவர்களின் கணக்கு. காற்று மாறும் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை அயல் துறையில் கிடக்க நேரும். புயலில் அகப்பட்டால் திரும்பாமலே போகவும் நேரும். கடல் தந்த செல்வத்தின் அளவை அறிய விரும்புவோர், கப்பல் முதலாளியான வெங்கடாசலம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வல்வைச் சிவன் கோயிலைப் பார்த்தால் போதும்.

1930களில் இந்தக் கப்பலின் மீது ஓர் அந்நியரின் கண் விழுந்தது. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர், 32 அடி நீளமே உடைய 'சுவாப்' என்ற பாய்ப்படகில் 1928 தொடக்கம் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர்; அப்பயணத்தை நூலாகவும் எழுதியவர். 'அன்னபூரணி அம்மா'ளை விலைக்கு வாங்கிய அவர், தம் மனைவியின் பெயரால் அதனை 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார்.

கப்பல் 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்ற தண்டையலும் நம்மவரான வேறு மாலுமிகளும் அதில் சென்றனர். கொழும்பு, ஏடன், செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ரர், பெர்மூடா என நீண்ட அப்பயணம், 1938 ஓகஸ்ட் தொடக்கத்தில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் முடிந்தது.

போய்ச் சேர்ந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். குளொஸ்ரர் 1623இல் தோன்றிய மீன்பிடித் துறை. அதன் அயலிலுள்ள எசெக்ஸ் மரக்கலங்கள் கட்டுவதற்குப் பேர்பெற்ற ஊர். மரக்கப்பலின் நல்லது கெட்டதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியோர் வாழ்ந்த கரை அது. அந்தக் கரைக்கு நம் ஓடாவிகளின் கைவேலை பல்லாயிரம் மைல் கடலோடி, உடையாமல் போய்ச் சேர்ந்தது. இதைவிட வேறு நற்சாட்சி வேண்டுமா?

அத்தொழில் ஏன் மறைந்தது? நீராவிக் கப்பல்கள் சரக்கைப் பறித்தன என்பது ஒரு காரணம். 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது பர்மா வாணிபம் அறுந்தது. சுதந்திரத்தின் பின்னர் 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் 1953ஆம் ஆண்டின் நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. பாட்டன் பகிரங்கமாக ஓடிய கடலிலே பேரன் ஒளித்து ஓட வேண்டியதாயிற்று. கடத்தல் நடக்கவில்லை என்று நான் வாதிட வரவில்லை. எல்லைகளுக்கு முன்னரே அந்தப் பாதை இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன்.

ஆண்டுக்கணக்காகச் செய்தித்தாளுக்கு எழுதியவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. றொபின்சனின் கடல் அனுபவங்கள் அவரது நூல்களாக நிலைத்துவிட்டன. நம் தண்டையல்களின் அனுபவங்களோ பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றன. எந்த மரத்தை எந்தப் பக்குவத்தில் வெட்டுவது, ஏராவில் வங்குகளை எவ்வாறு பொருத்துவது என்பன ஓடாவியின் கையோடும் கண்ணோடும் இருந்த அறிவு. 1989 ஓகஸ்டில் இந்தியப் படையினர் வல்வெட்டித்துறையில் பொதுமக்களைக் கொன்று வீடுகளையும் கடைகளையும் எரித்தனர். அத்தகைய ஊரில் பழைய கடதாசிகள் தப்பிக் கிடக்கும் என்று இருந்துவிட முடியாது.

வல்வெட்டித்துறையார் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களின் வீடுகளில் கப்பல் கதை கேட்டு வளர்ந்த மூத்தோர் இன்னும் இருக்கக்கூடும். கப்பலின் பெயர், தண்டையலின் பெயர், போன துறை, ஏற்றிய சரக்கு ஆகிய நான்கையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பெரிய வேலையன்று. அன்னபூரணி அம்மாளுக்கு ஓர் அமெரிக்கர் கிடைத்தார். மற்றக் கப்பல்களுக்கு நாம்தான் இருக்கின்றோம்.