குடியை நிறுத்த அட்மிட் ஆகித்தான் ஆகணுமா? வீட்டில் இருந்தே சிகிச்சை எடுக்க என்ன வேணும்?

டேனரியில் தினக்கூலி. பத்து நாள் வார்டில் படுத்தால் பத்து நாள் சம்பளம் போச்சு. எங்கே போயிருந்தான்னு தெருவே கேட்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் குடிக்கு சிகிச்சை என்றதும் பின்வாங்க இந்த ரெண்டு காரணமே போதும். ஆனா எல்லாருக்கும் அட்மிஷன் தேவையில்லை. புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கி, வீட்டில் இருந்தபடியே நிறுத்தலாம்.

2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அட்மிட் ஆகி எடுப்பவர் 180-ல் ஒருவர்.

யாருக்கு இது சரிப்படும்?

எவ்வளவு குடிக்கிறீங்க என்பதோடு, "முன்னாடி நிறுத்தினப்போ என்ன ஆச்சு?" என்றும் டாக்டர் கேட்பார். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்ற அளவில் இருந்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம். வலிப்பு வந்தவர், இல்லாத உருவம் தெரிந்து உளறியவர், கல்லீரல் மோசமானவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் என்றால் அட்மிஷன்தான்.

வீம்புக்கு மருந்தில்லாமல் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. பல வருஷமா தினமும் குடிப்பவருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து காய்ச்சல், குழப்பம், உளறல். அப்படி ஆனால் யோசிக்காமல் 108-ஐ கூப்பிடுங்க.

மாத்திரை யார் கையில்?

நடுக்கத்தை அடக்க குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபம் கொடுத்து, ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1. மாத்திரையையும் போட்டு சரக்கையும் குடித்தால் மூச்சே அடங்கிவிடும். அதனால் மாத்திரை அட்டை குடிப்பவர் கையில் இருக்கக் கூடாது, வீட்டில் ஒருவர் வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கணும்.

வேலூர் பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கணும் என்ற முறையால் பேர் வாங்கியது. வீட்டு சிகிச்சையிலும் அந்த ஒருவர் வேணும். சிக்கலே இங்கதான். ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். மாத்திரையைக் கொடுக்க வேண்டிய மனைவி காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது அவர் தையல் மெஷின் முன்னால் இருப்பார்.

ஆகவே "பகல்ல வீட்ல யார் இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்க. அம்மாவோ, அண்ணனோ முதல் நாலைந்து நாள் கூட இருந்தாலும் போதும். யாருமே இல்லையென்றால் அட்மிஷனே பாதுகாப்பு. இன்னொன்று, இ.எஸ்.ஐ.யில் கிடைக்கும் 70% நோய்க்கால சம்பளம் நோயாளிக்கு மட்டும்தான், பார்த்துக்கொள்ள லீவு போடுபவருக்கு இல்லை.

சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. டைசல்ஃபிராம் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். அமெரிக்காவில் 1930-களில் ரப்பர் கெமிக்கல் ஆலைத் தொழிலாளிகள் குடித்தால் உடம்பு ஏற்கவில்லை என்பதை டாக்டர் ஒருவர் கவனித்தார். அந்த கெமிக்கலுக்கு சொந்தக்கார மருந்துதான் இது. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்குவார்கள். நிறுத்தி 2 வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும்.

பத்து நாளில் நடுக்கம் போகும், ஆசை போகாது. அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்துகளும் கவுன்சலிங்கும் மாதக்கணக்கில் தொடரும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், மறைக்காமல் அடுத்த நாளே ஓ.பி.க்குப் போகணும்.

எங்கே போவது?

பாகாயம் தவிர, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. போவதற்கு முன் பேசிப் பார்க்க 14416 (மனநலம்), 14446 (போதை மீட்பு). ரெண்டுக்கும் கட்டணம் இல்லை.