எழுவரின் தராசு

சிறுநீரகம் செயலிழந்தால் நலிவது உடல் மட்டுமன்று. குருதியிலே கழிவு தேங்குகிறது; சோகை பற்றுகிறது; உறக்கம் குலைகிறது; உள்ளமும் சோர்கிறது. இதை நோயின் இயல்பென்போம்; நோயாளியின் குற்றமென்று எவ்வாறு கூறுவது?

அமெரிக்காவின் சியாற்றில் நகரில் அவ்வாறுதான் கூறப்பட்டது. 1960இல் அங்கு வைத்தியர் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தத்தக்க குழாயொன்றை ஆக்கி, இயந்திரத்தால் குருதியை மீண்டும் மீண்டும் சுத்திகரிக்க வழிகண்டார். இயந்திரங்களோ சில, நோயாளரோ பலர். யார் வாழ்வதென்று தீர்மானிக்க எழுவர் குழுவொன்று அமர்ந்தது. பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி... (தொழிற்சங்கத் தலைவரொருவரும் இருந்தார், அதை நாம் மறைப்பானேன்?) வயது, வருமானம், சொத்து, கல்வி ஆகியவற்றோடு மனவுறுதியையும் இவர்கள் நிறுத்துப் பார்த்தனர். நோய் தளர்த்திய மனமே நோயாளிக்கு எதிரான சாட்சியாயிற்று!

தெரிந்தெடுக்கப்பட்டோரேனும் நிம்மதி கண்டனரா? இயந்திரத்தை நம்பி வாழ்ந்தோரை ஆராய்ந்த உளமருத்துவர் ஏப்ரம் குழுவினர், அவர்களிடையே தற்கொலை பொதுமக்களிடையே உள்ளதினும் பன்மடங்கு என 1971இல் எழுதினர். சிகிச்சையைத் தாமாகவே கைவிட்டு மாண்டோரும் அக்கணக்கில் உளர்.

1972இல் இயற்றப்பட்ட சட்டம், பெரும்பாலான நோயாளரின் சிகிச்சைச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. பணமே தராசைப் பிடித்திருந்ததென்பது அன்று வெளிப்பட்டது.