கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

சில மாதங்களுக்கு முன் எங்கள் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். சுபஹோடு போய் நம்பர் எடுத்தும் பதினொரு மணிக்குத்தான் முறை வந்தது. “என்ன வருத்தம்?” என்று டொக்டர் கேட்டார். “ராவையில நித்திரை இல்ல மகன்...” என்று உம்மா தொடங்கினார். அவர் அடுத்த வார்த்தைக்கு வருமுன் துண்டு எழுதியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற நாங்களும் சும்மா இருக்கவில்லை. “உம்மா, சுருக்கிச் சொல்லுங்க, வெளியில சனம் நிக்குது” என்றோம்.

நித்திரைக்குக் குளிசை கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உம்மா மிச்சத்தைச் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் கொஞ்சம் சுகமாம். “அதச் சொல்லத்தானே வந்தேன், எங்க சொல்ல உட்டீங்க?” என்றார். அடுத்த வாரம் வேறொரு வைத்தியர் அந்தத் தலையணைக் கதையை முழுதாகக் கேட்டார். உடனே இதயத்தைப் பரிசோதிக்க அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது உம்மா தேறி வருகிறார்.

அந்த நாட்களில் எங்கள் நினைவுக்கு வந்தவர் இமாம்களோ மன்னர்களோ அல்ல, ஒரு வைத்தியர். அவர்தான் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி. இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரை நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். ஏறத்தாழ கி.பி. 925இல் மறைந்தார். தன்னிடம் வந்த நோயாளிகளின் கதைகளை அவர் எழுதி வைத்தார்.

அவற்றில் ஒன்று அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருடையது. அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அடிக்கடி சிறுநீரும் போனது. இது முறைக்காய்ச்சலா, சிறுநீரகத்தில் புண்ணா என்று ராஸியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் சிறுநீரில் சீழ் வந்தபோது விடை தெரிந்தது. தான் ஏன் முந்தியே உறுதியாகச் சொல்லவில்லை என்பதை ராஸி மறைக்காமல் எழுதுகிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவது போல் இருக்கிறதா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. நோயாளியும் அதைச் சொல்லவில்லை. தன் காலத்தின் பெரிய வைத்தியர், கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைத் தன் பிழையாகப் பதிந்து வைத்திருக்கிறார்!

பிறகு கருவிகள் வந்தன. 1816இல் பிரான்ஸில் லெனெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். 1895இல் எக்ஸ்ரே வந்தது. இவை எத்தனையோ உயிர்களைக் காத்தன. ஆனால் உடலின் சத்தம் தெளிவாகக் கேட்கத் தொடங்கியபோது, ஆளின் பேச்சுக்கு இடம் குறைந்தது. 1984இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தது. வைத்தியர்கள் சராசரியாக 18 விநாடியில் நோயாளியை இடைமறித்திருந்தார்கள். தொடங்கியதைச் சொல்லி முடித்தது 17 சந்திப்புகளில் மட்டுமே.

இதற்கு ஒரு மருந்து இலக்கிய வகுப்பிலிருந்து வந்தது. 1972இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி, ஜோன் டிரவுட்மன் என்ற இலக்கிய ஆசிரியையைப் பணிக்கு எடுத்தது. நியூயோர்க்கில் ரீட்டா ஷரோன் என்ற வைத்தியர், தொழிலில் இருந்துகொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1999இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே அங்கு கதைவழி மருத்துவம் என்ற கற்கைத்திட்டத்தைத் தொடங்கினார்.

அந்த வகுப்பில் நடப்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. ஒரு சிறு கதையையோ கவிதையையோ சத்தமாக வாசிக்கிறார்கள். சொல்பவர் யார், எங்கே தயங்குகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று வரிவரியாகப் பார்க்கிறார்கள். பிறகு சில நிமிடம் எழுதி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசிக்கிறார்கள். பயிற்சி மாணவர்கள் இரண்டாவதாக ஒரு குறிப்பும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரி அட்டையில் எழுத இடமில்லாத நோயாளியின் பயம், தங்களுடைய கோபம், கவலை எல்லாம் அதில் சாதாரண பாஷையில் வரும். நாங்கள் தரம் 8க்குக் கொடுக்கும் கிரகித்தல் பயிற்சிதான் இது. பந்தியின் இடத்தில் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார்.

“நூறு பேர் வரிசையில் நிற்கும்போது கதை கேட்க நேரமேது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் வைத்தியர்களும் தாதியரும் சுமக்கும் சுமையை நாம் அறிவோம். ஆனால் சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இடைமறிக்காமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாகப் பேசியது 92 விநாடிதான். கதை கேட்டால் மட்டும் நோய் தீராது. எந்த நோயைத் தீர்க்க வேண்டும் என்பது பல நேரம் அந்த 92 விநாடிக்குள்தான் இருக்கிறது.

வைத்தியர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. அன்று உம்மாவை முதலில் இடைமறித்தவர்களில் நாங்களும் இருந்தோம். கிளினிக்குக்குப் போவதற்கு முதல்நாள் இரவு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்போது தொடங்கியது, எப்படிப் படுத்தால் சுகம், எதற்குப் பயம் என்று கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதை வாசிக்க ஒரு நிமிடமும் ஆகாது.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கடைசியில் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்போம்: “இன்னும் ஏதும் சொல்ல இருக்கா உம்மா?” அநேகமாக அதற்குப் பிறகுதான் அவர் முக்கியமானதைச் சொல்கிறார்.