பச்சையப்பர் அறமும் பாலர் கல்வியும்

திருக்கோயிலுக்குப் பொருள் வழங்கும் புண்ணியவான்கள் தம் மனத்துள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: “நான் எழுதிவைத்த தருமம் எனக்குப்பின் நடைபெறுமா?” என்பதே அது. இதற்கு விடைபோல விளங்குவது சென்னைப் பச்சையப்பன் பள்ளியின் வரலாறு. கும்பாபிஷேக மலரில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று ஐயுறும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. இப்பள்ளி கோயிற் கைங்கரியத்தின் வயிற்றிற் பிறந்த குழந்தையாகும்.

பச்சையப்ப முதலியார் 1754-இல், பவானியம்மன் எழுந்தருளியுள்ள பெரியபாளையத்தில் தோன்றினார். தந்தையாரின் முகத்தை அவர் கண்டதில்லை. அவர் பிறக்குமுன்பே தந்தையார் காலமாகிவிட்டார். சென்னையில் நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, ஆங்கிலமும் வாணிகமும் பயின்று, தாமும் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பூட்டிவைக்கவில்லை. காஞ்சி ஏகாம்பரநாதரிடத்தும் தில்லைக் கூத்தப்பெருமானிடத்தும் அவர் கொண்ட ஈடுபாடு பெரிது. தில்லைக் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவருடைய குடும்பத்தாருக்கும் பங்குண்டு.

நாற்பதாம் வயதில் நோய் வந்தது. 1794 மார்ச்சு 22-ஆம் நாள் கும்பகோணத்தில் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். நம் நாட்டவர் உயில் எழுதிவைக்கும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 31-இல், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் ஐயாறப்பன் திருவடி நீழலை அடைந்தார். சிவாலயங்களுக்கும் விஷ்ணு ஆலயங்களுக்கும் பிற தருமங்களுக்கும் அவர் விட்டுச்சென்ற தொகை இலட்சம் வராகன் என்பர்.

அதன்பின் நடந்ததை எழுதவே கை கூசுகின்றது. வாரிசுகளுக்குள் வழக்கு எழுந்தது. கோயில்களுக்குச் சேரவேண்டிய பொருள் சேரவில்லை. ஆண்டுகள் பல உருண்டோடின. எழுதியவரின் எண்ணம் காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்தது. இறுதியில் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர்கள் இதனைப் பொது அறம் என்று கொண்டு நீதிமன்றத்தில் எடுத்து வாதாடினர். அவர்களுள் ஜார்ஜ் நார்ட்டன் என்பவரை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். வேற்று நாட்டவர், வேற்றுச் சமயத்தவர். ஆயினும் ஓர் இந்துவின் தருமம் அழியாமற் காத்தார்.

வழக்கு நீண்டதில் ஒரு விந்தையும் விளைந்தது. முடங்கிக் கிடந்த முதல், வட்டியோடு வட்டியாகப் பெருகி நின்றது! உயிலிற் கண்ட கோயிற் கட்டளைகளுக்கு வேண்டிய பொருளை ஒதுக்கிய பின்னும் பெருந்தொகை எஞ்சியது. அதனை என் செய்வது? ஏழை இந்துச் சிறுவர்களின் கல்விக்கு ஆக்குக என்று முடிவாயிற்று. கோயிற் பணத்தைப் பள்ளிக்குத் திருப்பலாமா என்று இன்றும் வினவுவோர் உளர். ஆண்டவனுக்கு உரியதைக் குறைத்து இங்கே பள்ளி எழவில்லை. முதலில் கோயிலுக்கு ஒதுக்கி, மிஞ்சியதைக் கொண்டே கல்வி தொடங்கினர். இவ்வரிசை முறையே இவ்வறத்தின் அழகு என்பது அடியேன் கருத்து.

1842 சனவரி முதல் நாள் சென்னைப் பிராட்வேயில் பள்ளி திறக்கப்பெற்றது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் இலவசமாகக் கற்பிக்கப்பட்டன. பாதிரிமார் பள்ளிகளே ஆங்கிலக் கல்விக்குப் பெரிதும் வாயிலாக இருந்த அந்நாளில், பிள்ளை படிக்கவும் வேண்டும், குலதெய்வத்தை மறவாதிருக்கவும் வேண்டும் என்று தவித்த பெற்றோருக்கு இது எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்! 1846-இல் நார்ட்டனே அடிக்கல் நாட்ட, 1850-இல் ஆளுநர் பாட்டிங்கர் காலத்தில் பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. அது ஏதென்சு நகரத்துப் பழங்கோயில் ஒன்றின் மாதிரியில் அமைந்தது. பள்ளியும் கோயில் உருவிலேயே எழுந்தது பொருத்தந்தானே!

1889-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. இந்து மாணாக்கர்க்கே என்றிருந்த வரையறை 1947-இல் நீங்கி, எல்லாச் சமயத்தாரும் சேரலாயினர். காஞ்சியிலும் இவ்வறத்தின் பெயரால் பள்ளி நடந்தது. 1967-இல் முதலமைச்சரான அறிஞர் அண்ணா அங்கே பயின்றவரே.

மாணாக்கரைக் கூறி ஆசிரியரை விடலாகாது. இப்பள்ளியில் தமிழாசிரியராயிருந்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். புராண இதிகாசப் பெயர்களையும் சமயச் செய்திகளையும் அகரவரிசையில் தொகுக்க முற்பட்டு, வகுப்பு முடிந்த வேளைகளிலெல்லாம் ஏடுகளைத் தேடி அலைந்தார். தொகுத்த பின் அச்சிட வழியில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910-இல் “அபிதான சிந்தாமணி” வெளிவந்தது. தேவாரத் தலங்களையும் நாயன்மார் பெயர்களையும் தேடும் அன்பர்கள் இன்றும் புரட்டுவது அந்தப் பள்ளி ஆசிரியர் தொகுத்த அந்நூலையே.