கலகத்தை மூட்டியது எது?

ஜனங்கள் எதிர்த்தெழும் போதெல்லாம் ஆள்வோர் கூறும் விடை ஒன்றே: கலகக்காரன் எவனோ வந்து அவர்களைக் கெடுத்துவிட்டான் என்பது. இவ்விடை மெய்தானா? 1908-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்ததைக் கொண்டு நாம் ஆராய்வோம்.

தூத்துக்குடியில் வெள்ளையர் நடத்திய கோரல் நூற்பாலையில் கூலி அற்பம். வேலை நேரமோ நீண்டது. வார ஓய்வென்பதே இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 27-இல் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். மார்ச் மாதத் தொடக்கத்திலேயே முதலாளிகள் பணிந்தனர். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

வணிகர்க்கும் மனப்புண் இருந்தது. 1906-இல் சுதேசிகள் பங்கு சேர்த்துத் தொடங்கிய கப்பல் கம்பெனியை நசுக்க, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை வெட்டிக் குறைத்ததையும், அதிகாரிகள் அதன் பக்கமே சாய்ந்ததையும் ஊரார் கண்கூடாகக் கண்டனர்.

மார்ச் 12-இல் பிள்ளையும் சிவாவும் கைதாயினர். மறுநாள் நெல்லை கொதித்தது. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டனர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை. தமக்காக நின்றவர்களுக்காகத் தாம் நின்றனர். வண்டிக்காரரும், சமூகம் தாழ்ந்தோரென ஒதுக்கி வைத்திருந்த துப்புரவாளரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர்.

சர்க்கார் என்ன செய்தது? ராஜத்துவேஷப் பேச்சே குற்றமென்று பிள்ளைக்குத் தீவாந்தர தண்டனை விதித்தது. ஊரார் தலையில் தண்டக் காவல் வரியையும் சுமத்தியது. பேச்சு வெறும் பொறி. விறகை உலர்த்தி வைத்தவர் யார் என்று அது கேட்கவேயில்லை. பட்டினி, பாரபட்சம், அவமதிப்பு என்னும் மூன்றுமே அவ்விறகு. அவற்றை அடுக்கியவர் ஆள்வோரே என்பதில் நமக்கு ஐயமில்லை.

1941-இல் நம் மலாயாவிலே, கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோதும் தூண்டுவோர் மீதே பழி சுமத்தப்பட்டது. ஆனால் அத்தொழிலாளர் கேட்டவற்றுள் ஒன்றை நாம் மறக்கலாகாது: துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். இதனைக் கேட்க எவரும் வந்து கற்பிக்கவேண்டுமா? நாள்தோறும் இறங்கி நின்ற கால்களே கற்பித்தன.