படச்சுருள் இல்லாத பள்ளிக்கூடம்

இங்கிலாந்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு 2008-ஆம் ஆண்டில் ஒரு புதுப் பாடத்திட்டம் வந்தது. அதிலே ஒரு பரீட்சை வேடிக்கையானது. ஒரு கதைப் படத்தின் தொடக்கத்தை மட்டும், பெயர்கள் வரும் எழுத்துக்களோடு சேர்த்து, இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாமல் எடுத்துக்கொண்டு வரவேண்டும். என்ன வகைப் படம் என்பது பிள்ளைகள் இஷ்டம். மர்மப் படத்தின் பக்கம் சாய்ந்தவர்கள் ஏராளம். காரணம் தெரிந்ததுதான். காதல் கதைக்குப் பூந்தோட்டம் வேண்டும். சரித்திரக் கதைக்குக் கோட்டை வேண்டும். மர்மத்துக்கு ஓர் இருட்டு நடையும் இரண்டு காலடியும் போதுமே!

இதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சியும் உண்டு. ஓர் ஆள் கதவைத் திறக்கிறான். அறையைக் கடந்து போகிறான். இன்னோர் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுகிறான். அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு, எடுத்த பிள்ளையே தன் படத்தை மதிப்பிட்டு ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். ஏழாவது கேள்வி, கதவு திறந்த அந்தப் பயிற்சியிலிருந்து முடிந்த படம் வரையில் நீ கற்றுக்கொண்டது என்ன என்பது.

அந்தப் பாடத்திட்டம் பிறகு மாறிவிட்டது. "கொலை செய்வதற்கெல்லாம் மார்க் போடுகிறார்களா?" என்று நம் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். முதல் பக்கத்தில் வாசகனைப் பிடித்து நிறுத்துவது எத்தனை பெரிய பாடு என்பது எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பாடு, எழுதியதை இன்னொருவன் கண்ணால் படித்துப் பார்ப்பது. இந்த இரண்டையும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்று நம்பி ஒரு சிறு கூட்டம் நூறு வருஷத்துக்கு முன்பே பாடுபட்டது. அவர்களிடம் பிலிம்கூட இல்லை என்பதுதான் அந்தக் கதையின் அழகு.

ருஷ்யப் புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி லெனின் சினிமாத் தொழிலை அரசாங்க உடைமை ஆக்கினார். அதே வருஷம் மாஸ்கோவில் ஓர் அரசாங்கத் திரைப்படப் பள்ளி பிறந்தது. கார்டின் என்ற டைரக்டர் அதை முன்னின்று தொடங்கினார். பள்ளி பிறந்துவிட்டது, பாடம் நடத்தத்தான் பொருள் இல்லை. கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு. யுத்தமும் முற்றுகையும் அதை நிறுத்திவிட்டன. இருந்த கொஞ்சம் பிலிம் போர்முனைப் படங்களுக்கே போதவில்லை. மாணவர்கள் பட்டினியோடும் குளிரோடும் வகுப்புக்கு வந்தார்கள்.

அங்கே வந்து சேர்ந்தார் லெவ் குலெஷோவ். 1899-ல் பிறந்தவர், அப்போது வயது இருபதோ இருபத்தொன்றோதான். பதினேழு வயதிலேயே ஸ்டூடியோவில் செட் வரைந்து பழகியவர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சினிமாக் கொட்டகைக்குப் போனால் திரையைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். ஜனங்களின் முகத்தையும் பார்ப்பார். எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் இருமுகிறார்கள் என்று கவனிப்பார். நாகரிகக் கொட்டகையில் ஜனங்கள் அடக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், தொழிலாளர் வாழும் பகுதிகளின் கொட்டகைகளையே தேடிப் போனார். ருஷ்யப் படங்களைவிட அமெரிக்கத் துரத்தல் படங்களும் துப்பறியும் படங்களுமே அவர்களைக் கட்டிப்போட்டன. ஏன் என்று ஆராய்ந்தார். ருஷ்யப் படத்தில் ஒரு காட்சி நீண்டு கிடந்தது. அமெரிக்கப் படத்தில் அதே காட்சி சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தது. சூட்சுமம் துண்டில் இல்லை, அடுக்கில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அவர் ஆசிரியரான விதமும் ரசமானது. பரீட்சையில் தேறாத சில மாணவர்கள் மறு பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்களாம். குலெஷோவ் அவர்களைச் சேர்த்துக்கொண்டு சிறு சிறு நடிப்புப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் நன்றாகத் தேறினார்கள். அதைக் கண்டுதான் பள்ளியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்பது அவரே பின்னாளில் சொல்லிய கதை. தேறாதவர்களை வைத்துத் தொடங்கிய வகுப்பு அது!

அந்த வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆசிரியரைவிட ஆறு வயது மூத்த புடோவ்கின். ரசாயனம் படித்தவர், ஜெர்மானியரிடம் யுத்தக் கைதியாக இருந்து திரும்பியவர். மாஸ்கோவின் பிரசித்தமான சித்திர மண்டபத்தை நிறுவிய டிரெட்யாகோவின் பேத்தி ஹோஹ்லோவா. ஒல்லியாக, நெடிதாக இருந்தமையால் கதாநாயகிக்கு லாயக்கில்லை என்று ஸ்டூடியோக்கள் முகம் சுளித்தவள். குத்துச்சண்டைக்காரர் பார்னெட். ஃபோகெல், கோமரோவ், ஒபலென்ஸ்கி. சில மாதங்கள் ஐஸன்ஸ்டைன்கூட வந்து போனார்.

பிலிம் இல்லாமல் எப்படிப் படம் எடுப்பது? குலெஷோவ் அதற்கு ஒரு வழி கண்டார். "பிலிம் இல்லாத படம்" என்று அதற்குப் பெயர். ஒரு சிறு மேடை. ஒவ்வொரு 'ஷாட்'டும் ஒரு குட்டிக் காட்சி. திரை விலகும், ஒரு கை மேஜை அறையைத் திறக்கும், திரை மூடும். மறுபடி விலகும், ஒரு முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும், மூடும். நாடகத்தைப்போல ஓர் அங்கம் அரைமணி ஓடாது. கண் இமைக்கும் நேரத்தில் காட்சி மாறும். 'செயின்ட் ஜோசப் தெரு, 147-ஆம் எண்' என்று ஒன்று. 'வெனீஸ் நகரத்துக் காலுறை' என்று ஒன்று. தலைப்பைக் கேட்டதுமே உள்ளே ஒரு பிணம் கிடக்கும் என்று தோன்றுகிறது அல்லவா? ஒரு பகுதி மாணவர்கள் நடிப்பார்கள். மற்றவர்கள் சபையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இந்த இடமாற்றமே அந்தப் பள்ளியின் உண்மையான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்று மேடையில் கொலைகாரனாக நின்றவன் இன்று கீழே உட்கார்ந்து, தான் பயப்படுகிறோமா என்று தன்னையே சோதித்துக்கொண்டான்.

கொஞ்சம் பிலிம் கிடைத்தபோது அவர்கள் செய்த சோதனைகள் உலகப் பிரசித்தி பெற்றவை. மோஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தைப் பழைய படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். அதைச் சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசியாகத் தெரிந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துயரமாகத் தெரிந்தது. இது புடோவ்கின் சொல்லும் விவரம். குலெஷோவ் சொல்லும்போது சில படங்கள் மாறுகின்றன. அந்தச் சுருளோ அழிந்துபோயிற்று. நான் மிகவும் ரசிப்பது இன்னொரு பாடம். மூன்றே துண்டுகள்: சிரிக்கிற முகம், நீட்டிய துப்பாக்கி, பயந்த முகம். இந்த வரிசையில் காட்டினால் அவன் கோழை. பயந்த முகத்தை முதலிலும் சிரிப்பைக் கடைசியிலும் வைத்தால் அவனே வீரன். நடிகன் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை, துப்பாக்கியும் மாறவில்லை. மாறியது பார்ப்பவன் மனம். ஒரு கொலைக் கதையில் கொலை எங்கே நடக்கிறது என்று கேட்டால், இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

இன்னொரு சோதனையில் ஹோஹ்லோவாவும் ஒபலென்ஸ்கியும் மாஸ்கோவின் வெவ்வேறு தெருக்களில் நடக்கிறார்கள். சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். எதிரே வாஷிங்டன் வெள்ளை மாளிகை! அது ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியது. அடுத்த துண்டில் படியேறுகிறார்கள். அந்தப் படி மாஸ்கோவில் இருப்பது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே இடம். இங்கிலாந்துப் பிள்ளை கதவைத் திறந்து அறையைக் கடக்கிறானே, அந்தப் பயிற்சியின் மூதாதை இது. கதவின் வெளிப்புறம் ஒரு வீடாகவும் உட்புறம் வேறு வீடாகவும் இருக்கலாம். சரியான இடத்தில் வெட்டினால் கண்டுபிடிக்க முடியாது.

பள்ளிப் பாடம் கொட்டகைக்கு வந்ததும் என்ன ஆயிற்று? 1924-ல் எடுத்த 'மிஸ்டர் வெஸ்ட்' ஒரு வேடிக்கைத் துப்பறியும் படம். மாஸ்கோவுக்கு வந்த அமெரிக்கரை ஒரு திருட்டுக் கூட்டம் ஏமாற்றும் கதை. திருடர் தலைவராக வந்தவர் புடோவ்கின். அது வெற்றி. 1925-ல் 'மரணக் கதிர்' வந்தது. திரைக்கதை புடோவ்கினுடையது. கற்றுக்கொண்ட வித்தை அத்தனையையும் அதில் காட்டிவிட வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆசை. சண்டை, துரத்தல், விழுதல், தாவுதல், தொழிற்சாலை, இயந்திரம் என்று ஒன்று பாக்கியில்லை. கதை மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. விமர்சகர்கள் பிய்த்து எறிந்தார்கள். மேடையையும் சபையையும் மாற்றி மாற்றிப் பழகிய கூட்டம், ஒரு தடவை சபையில் உட்கார மறந்ததற்குக் கிடைத்த தண்டனை அது.

அவர்கள் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 'சட்டப்படி' வந்தது. ஜாக் லண்டன் கதை. பணம் மிகமிகக் கொஞ்சம். தங்கம் தேடும் ஐந்து பேர், ஒரு மரவீடு, சுற்றிலும் வெள்ளம். ஐவரில் ஒருவன், ஃபோகெல், சாப்பாட்டு மேஜையில் இருவரைச் சுட்டுக் கொல்கிறான். மீதி இருவர், கணவனும் மனைவியும், அவனைக் கட்டிப்போட்டுக் காவல் காக்கவேண்டும். மனைவி ஹோஹ்லோவா. துரத்தல் இல்லை, ஓட இடமே இல்லை. அந்த மூவரின் முகத்திலும் தூக்கமின்மை ஏற ஏற நம் நெஞ்சு அடைக்கிறது. 'மரணக் கதிர்' தோற்றிராவிட்டால் இந்தப் படம் பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு காலம் கெட்டது. ஃபோகெல் 1929-ல் தற்கொலை செய்துகொண்டார். உருவத்தைப் பார்த்து உள்ளடக்கத்தை விட்டவர் என்று 1930-களில் குலெஷோவின் மேல் குற்றம் சாட்டினார்கள். 1935-ஆம் வருஷத்து மாநாட்டில் அவரை வைத்துக்கொண்டே அதைச் சொன்னார்கள். 1940-களோடு அவர் படம் எடுப்பது நின்றது. ஆனால் பாடம் சொல்வது நிற்கவில்லை. 1944-ல் அந்தப் பழைய பள்ளிக்கே தலைவரானார். 1970-ல் இறக்கும்வரை ஆசிரியராகவே இருந்தார்.

அதே பள்ளியில் 1956-ல் மூன்று மாணவர்கள் ஹெமிங்வேயின் 'கொலைகாரர்கள்' கதையை எடுத்தார்கள்: தார்கோவ்ஸ்கி, கார்டன், மரிகா பெய்க்கு. அவர்களுடைய ஆசிரியர் ரோம். ஒரு சாப்பாட்டுக் கடை. கதவு திறக்கிறது, ஓவர்கோட் அணிந்த இரண்டு பேர் வந்து உட்கார்கிறார்கள். ஒருவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். அவன் வரவில்லை. அவ்வளவுதான். கொலை நடப்பதில்லை, ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. இடையே ஒரு வாடிக்கைக்காரன் வந்து ஒரு பாட்டைச் சீட்டியடித்துவிட்டுப் போகிறான், அது தார்கோவ்ஸ்கியேதான். தன் படத்துக்குள் ஒரு நிமிஷம் வந்து நின்று, பயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதுபோல இருக்கிறது! ரோம் மெச்சினார். பத்து வருஷம் முன்பு, 1946-ல், ஹாலிவுட்டும் இதே கதையை எடுத்திருந்தது. அது ஹெமிங்வே எழுதியதைத் தொடக்கக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, மீதி நீளத்துக்குப் புதிதாக ஒரு துப்பறியும் கதையைக் கட்டியது. ஹாலிவுட்டுக்குத் தொடக்கமாக இருந்ததே இந்த மாணவர்களுக்கு முழுப் படமாக இருந்தது.

ஆகவே இரண்டு நிமிஷத் தொடக்கம் எடுக்கும் பிள்ளையைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. காமிரா இன்று சட்டைப் பையில் இருக்கிறது. பிலிமுக்குப் பஞ்சமில்லை, பிலிமே தேவையில்லை. மாஸ்கோ மாணவர்களுக்கு இருந்த இல்லாமை ஒன்றுதான் இன்று இல்லை. அந்த இல்லாமைதான் அவர்களை எடுப்பதற்கு முன் பார்க்க வைத்தது. இப்போது அந்த வேலையைச் செய்ய ஏழாவது கேள்வி ஒன்றுதான் மிச்சம். படத்துக்கு மார்க் போட ஆசிரியர் இருக்கிறார். தான் செய்ததைத் தானே அந்நியனாக உட்கார்ந்து பார்க்கும் நாற்காலியை அவரால் கொடுக்க முடியாது. அதைப் பிள்ளையே தூக்கிக்கொண்டு வந்து போட்டுக்கொள்ள வேண்டும். எழுத்துக்காரனுக்கும் அதேதான்.