கோரல் மில்லின் ஒன்பது நாள்

ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பிய மாணவச் செல்வங்களுக்கும் சொந்தங்களுக்கும் நன்றி. அதே செப்டம்பர் 5-ஆம் தேதிதான், 1872-இல், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். ஆகவே வாழ்த்துக்குப் பதிலாக ஒரு பாடம். (ரிட்டயர் ஆகியும் விடமாட்டேங்கிறாரே என்று கடைசி பெஞ்சு முணுமுணுப்பது கேட்கிறது!)

வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். இன்று அவர் பெயர் தாங்கும் துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல் சில மைல் தள்ளிக் கடலில் நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். கொழும்புக்குப் போட்டியாக ஓடிய வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பார்கள். அப்படியும் நம் சனங்கள் சுதேசிக் கப்பலைத்தான் தேடினார்கள்.

ஆனால் அவரை மக்கள் தலைவராக்கியது கப்பல் அல்ல, கோரல் மில் என்பது என் கருத்து. வெள்ளையருக்குச் சொந்தமான அந்தப் பஞ்சாலையில் 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். தினமும் கூட்டம் போட்டு, படிக்காதவருக்கும் விளங்கும் தமிழில் பேசினார்கள். ஊர் முழுக்கத் தொழிலாளர் பக்கம் நின்றது. மில் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டாராம் நாவிதர்! ஒன்பதாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒரு வக்கீல் பேசினால் ஆலை நிற்கும் என்றால் எந்த அரசு பொறுத்துக்கொள்ளும்?

மார்ச் 12-ஆம் தேதி கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கோரல் மில் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, அவருக்காக. திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் நிறுத்தியது அதே ஆண்டு ஜூலையில். உலகமே பேசும் பம்பாய்க்கு நான்கு மாதம் முந்தியது நம் தூத்துக்குடி! பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூடுதலாகக் கொடுத்தால் என்ன?

ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் கம்பெனி மூடப்பட்டு, ‘காலியா’ கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலை போயிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோய், சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார். பிற்பாடு சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்கு, தம் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.